கிழங்கு வந்த வழியில் பிள்ளைகள் போகட்டும்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்கு ஏறுகிற சாலை, 22 கொண்டை ஊசி வளைவுகளாகச் சுருண்டு சுருண்டு மலைமேல் போவதற்கு முன்னால், கல்லாற்றங்கரையில் சற்றே மூச்சு வாங்கிக்கொள்வதுபோலத் தாழ்ந்து கிடக்கிறது. அவ்விடத்துச் சிறு கடையொன்றில், வேகவைத்து நீர் வடித்துத் தேங்காயோடு மசித்த மரச்சீனிக் கிழங்கையும், வற்றல் மிளகாய் அரைத்துவிட்டுச் சிவக்கச் சிவக்கக் காய்ச்சிய மீன்கறியையும் முன்னால் வைத்துக்கொண்டு, பல ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் பூகோளம் கற்பித்த பழக்கத்தினால், அந்தத் தட்டையே ஒரு தேசப்படமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிழங்கு பிரேஸில் நாட்டது. மிளகாய், பொலிவியாவும் அதன் அண்டை நாடுகளுமான பிரதேசத்தில் தோன்றியது. கடைக்காரர் துண்டு போட்டு வைத்திருந்த அன்னாசி, தென் அமெரிக்காவின் உள்நாட்டு ஆற்றுப் பள்ளத்தாக்குகளுக்கு உரியது. எதிரே சரிவில் வரிசை வரிசையாக நின்று பால் சுரந்துகொண்டிருந்த ரப்பர் மரங்களோ அமேஸான் வனத்தைப் பிறப்பிடமாக உடையவை. அந்தக் கடையிலே தென் அமெரிக்காவைச் சேராதவை என்று சொல்லத்தக்கவை தேங்காயும் மீனும் தேயிலையுமே.

கடைவாசலில் பள்ளிப் பேருந்துக்காகச் சில மாணவர் நின்றிருந்தனர். அவர்களில் ஒருவன் தோளில் மாட்டியிருந்த பையிலே, வெண்மையும் இளநீலமுமாகக் கோடிட்ட ஆர்ஜென்டினக் கொடியின் வர்ணம் தீட்டப்பட்டிருந்தது. கால்பந்தாட்டத்தின் மூலமாக அந்தத் தேசத்தின்மீது கேரளத்துப் பிள்ளைகள் வைத்திருக்கும் பிரியம் உலகறிந்தது. 2022ஆம் ஆண்டு உலகக் கோப்பையை வென்றபோது ஆர்ஜென்டினக் கால்பந்துச் சங்கமே கேரளத்தின் பெயரைச் சொல்லி நன்றி கூறிற்று. அந்தப் பையனிடம், ஆர்ஜென்டினாவில் உன் வயதுப் பிள்ளை காலையில் என்ன சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்குப் போவான் என்று கேட்டேன். அவன் சிரித்தான், தெரியாது என்றான். அந்த அணியின் பதினோரு வீரர்களின் பெயரையும் ஒரே மூச்சில் சொல்லக்கூடியவனாயிருந்தும், அவர்களுடைய தேசத்து வீடு ஒன்றின் அடுப்படியை அவனால் மனத்தில் வரைந்து பார்க்க முடியவில்லை. அது அவனுடைய குற்றமன்று. அவனுக்கு அந்த வாசலை நாம் திறந்துவிடவில்லை.

பள்ளி மாணவர்கள் நாடுவிட்டு நாடு சென்று, ஒருவர் வீட்டில் ஒருவர் தங்கி, ஒருவர் பள்ளியில் ஒருவர் பயின்று திரும்பும் பரிமாற்றப் பிரயாணத்தைப் பற்றி நான் சொல்ல வந்தது இதுதான்: நமக்கும் தென் அமெரிக்காவுக்கும் இடையே நானூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பண்டங்கள் போயும் வந்தும் இருக்கின்றன, மனிதர் போய்வரவில்லை. விட்டுப்போன அந்தப் பாதியைப் பூர்த்தி செய்ய வேண்டியவர்கள் பிள்ளைகள். அதிலும் நகரத்துச் செல்வர் வீட்டுப் பிள்ளைகளைக் காட்டிலும், அந்தப் பண்டங்களை நாள்தோறும் கையால் தொட்டு வாழ்கிற பொன்முடி போன்ற இடங்களின் பிள்ளைகளே அதற்கு முதல் உரிமை உடையவர்கள்.

பரிமாறுதல் என்ற நம் சொல்லை ஒருகணம் நினைத்துப் பார்க்க வேண்டும். ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைப் பெறுவதற்கும் அச்சொல்லே. இலை போட்டு, வந்தவருக்குச் சோறும் கறியும் இடுவதற்கும் அச்சொல்லே. கொடுக்கல் வாங்கலுக்கும் விருந்துபசாரத்துக்கும் ஒரே வினைச்சொல்லை வைத்துக்கொண்ட சமூகம், பொருள் கைமாறுவது மட்டும் பரிமாற்றமாகிவிடாது, ஒருவர் முன்னால் மற்றொருவர் உட்கார்ந்து உண்ண வேண்டும் என்ற உணர்ச்சியைத் தன் பாஷைக்குள்ளேயே பொதிந்துவைத்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம். இந்த அளவுகோலைக் கொண்டு நோக்கினால், கடந்த சில நூற்றாண்டுகளில் நடந்தவற்றில் எது பரிமாற்றம், எது வெறும் கடத்தல் என்பது தெளிவாகிவிடும்.

மரச்சீனியையே முதலில் எடுத்துக்கொள்வோம். போர்த்துக்கேயர் கப்பலில் மலையாளக் கரைக்கு வந்த அக்கிழங்கை, 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா, ஏழை ஜனங்களின் பசிக்கு மருந்தாகக் கருதி ராஜ்யமெங்கும் பயிரிடச் செய்தார். மக்கள் அதை உண்ண அஞ்சியபோது, அரண்மனையிலேயே சமைக்கச் செய்து உண்டு காட்டினார் என்று திருவனந்தபுரத்தில் இன்றும் சொல்வதுண்டு. 1942இல் பர்மா ஜப்பானியர் கைப்பட்டு அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றபோது, திருவிதாங்கூரின் ஏழை வீடுகளில் அடுப்பெரியச் செய்தது இந்தக் கிழங்கே. அதே யுத்த காலத்தில் மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வருவதும் நின்றதனால், சேலத்தில் இதன் மாவைக் கொண்டு ஜவ்வரிசி செய்யும் தொழில் பிறந்தது. தெற்கே மரச்சீனி, ஏழிலைக் கிழங்கு என்றும், சேலத்துப் பக்கம் குச்சிக் கிழங்கு என்றும், ஏடுகளில் மரவள்ளி என்றும் வழங்கும் இப்பயிர், தமிழர் வாழ்வில் இவ்வாறு வேர் விட்டது. 1963ஆம் ஆண்டு முதல் திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் இயங்கிவரும் மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம், தான் உண்டாக்கிய ரகம் ஒன்றுக்கு அந்த மகாராஜாவின் நினைவாக ஸ்ரீ விசாகம் என்று பெயரிட்டிருக்கிறது.

ஆனால் இக்கிழங்கோடு கூடவே வந்திருக்க வேண்டிய ஒன்று வரவில்லை. கிழங்கிலும் இலையிலும் சயனைடை உண்டாக்கும் நஞ்சு உண்டு. கசப்பு ரகங்களில் அது மிகுதி. அமேஸான் பிரதேசத்துப் பழங்குடியினர், கிழங்கைத் துருவி, திபிதி என்னும் நீண்ட பின்னல் பையிலே அடைத்து, அதனை இழுத்து முறுக்கி நஞ்சுநீரைப் பிழிந்து, எஞ்சிய மாவை அகன்ற சட்டியில் வறுத்து உண்ணும் கலையை ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் கண்டறிந்து வைத்திருந்தார்கள். கப்பல்காரர் குச்சியை எடுத்து வந்தார்களே தவிர, அந்தக் கலையை அறிந்த தாய்மாரை அழைத்து வரவில்லை. நிறைய நீர் விட்டு வேகவைத்து, அந்நீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும் என்பதையும், இலையைத் தின்ற ஆடுமாடுகள் மடிந்துபோகும் என்பதையும் நம்முடைய பாட்டிமார் தாங்களாகவே, எத்தனையோ துன்பத்துக்குப் பின்னர்தான், கற்றுக்கொண்டிருக்க வேண்டும். பண்டம் தனியே பிரயாணம் செய்தால் அதன் ஞானம் கரையிலேயே நின்றுவிடுகிறது. மனிதன் பிரயாணம் செய்தால் பண்டமும் ஞானமும் சேர்ந்தே வருகின்றன.

இதைக் காட்டிலும் துக்ககரமான சரித்திரம், கடத்தப்பட்ட மரங்களுடையது. 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் அமேஸானின் கிளையாகிய தபஜோஸ் நதிக்கரையிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளைக் கப்பலேற்றி லண்டனையடுத்த கியூ தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார்; முளைத்த சில ஆயிரம் கன்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்கு அனுப்பப்பட்டது. இன்று விதுராவிலும் பாலோட்டிலும் கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரத்திலும் விடியுமுன் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு மரம் சீவப் போகிறவனுடைய ஜீவனம், அந்தக் கப்பலில் தொடங்கியதே. காய்ச்சலுக்கு மருந்தாகிய சிங்கோனா மரத்தை, கிளமென்ட்ஸ் மார்க்கம் 1860இல் பெரு நாட்டுக்குச் சென்று தேடி எடுத்து நீலகிரிக்கு வரச் செய்தார். நடுவட்டத்துத் தோட்டங்கள் அவ்வாறு எழுந்தவை. அம்மரத்தின் மிகச் சிறந்த இனத்தின் விதையை, பொலிவியாவின் காடுகளில் பல ஆண்டுகள் காத்திருந்து சேகரித்து, 1865இல் தன் ஆங்கிலேய எஜமானர் சார்ல்ஸ் லெட்ஜரிடம் கொண்டுபோய்க் கொடுத்தவர் மானுவல் இங்க்ரா மமானி என்ற பழங்குடி மனிதர். மீண்டும் விதை தேடப் போனபோது சொந்த நாட்டு அதிகாரிகளிடம் பிடிபட்டு, சிறையில் அடியுண்டு, அதனாலேயே உயிர் நீத்தார். மலேரியாக் காய்ச்சலிலிருந்து உலகில் எண்ணற்றோர் பிழைத்தெழக் காரணமானவரின் பெயரை நம் பாடப்புத்தகங்களில் நான் கண்டதில்லை.

பொன்முடியின் அடிவாரமோ இதற்கு நேர்மாறான ஒரு தர்மத்தை உலகுக்குக் காட்டிய இடம். அகத்தியர் மலைக் காடுகளில் வாழும் காணிக்காரர், நெடுந்தூரம் நடக்கும்போது களைப்புத் தீர ஆரோக்கியப்பச்சை என்னும் செடியின் காயை மென்று தின்பார்கள். 1987இல் அவர்களை வழிகாட்டிகளாகக் கொண்டு மலையேறிய விஞ்ஞானிகள் அதனைக் கண்டு கேட்டறிந்தனர்; பாலோட்டிலுள்ள தாவரவியல் தோட்ட ஆராய்ச்சி நிலையம் அதிலிருந்து ஜீவனி என்ற மருந்தை உருவாக்கியது; அதன் உரிமத் தொகையிலும் உரிமைப் பங்கிலும் சரிபாதி காணிக்காரருக்கே சேர வேண்டும் என்று தீர்மானிக்கப்பட்டு, அதற்கென 1997இல் அவர்கள் பெயராலேயே ஓர் அறக்கட்டளையும் ஏற்பட்டது. நடைமுறையில் அதற்குப் பல இடையூறுகள் நேர்ந்தன என்பது மெய்யே. எனினும், காட்டில் வாழ்பவனின் அறிவுக்கும் விலை உண்டு, மரியாதை உண்டு என்ற கோட்பாட்டை, உலக நாடுகள் மேற்கோள் காட்டும்படி முதலில் செயலாக்கிக் காட்டிய இடங்களில் ஒன்று இந்த மலையடிவாரம். மமானியின் வம்சத்துப் பிள்ளைகளுக்கும் நம் காணிக்காரர் குடியின் பிள்ளைகளுக்கும் ஒருவருக்கொருவர் சொல்ல எவ்வளவு இருக்கிறது என்பதை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது.

நாம் பெற்றுக்கொண்டே இருந்தோம், கொடுத்தது ஒன்றுமில்லை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். நம் மாங்காயும் சக்கைப் பழமும் அதே கப்பல்களில் பிரேஸிலுக்குப் போயின. மாம்பழத்தை அவர்கள் மங்கா என்றும், பலாவை ஜாக்கா என்றும் இன்றைக்கும் நம் கரைச் சொற்களாலேயே அழைக்கிறார்கள். ரியோ டி ஜெனீரோ நகரத்தை ஒட்டிய திஜுக்கா வனத்திலே பலாமரங்கள், உள்நாட்டு மரங்களுக்கு இடையூறாகும் அளவுக்குப் பல்கிவிட்டன. அன்றைய சென்னை ராஜதானியைச் சேர்ந்த நெல்லூர்ச் சீமையின் ஓங்கோல் மாடுகள், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பலேறிப் போய், நெலோரே என்ற பெயரோடு பிரேஸிலின் மேய்ச்சல் நிலங்களை நிரப்பியிருக்கின்றன. மறுபுறம், நாம் அன்னாசி என்று சொல்லும்போதெல்லாம், போர்த்துக்கேயர் வாய்வழியாக வந்த தென் அமெரிக்கப் பழங்குடிச் சொல் ஒன்றையே உச்சரிக்கிறோம். விதுராவில் பிறந்த குழந்தை, பேசத் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே, தானறியாமல் அந்தக் கண்டத்தின் பாஷையில் ஒரு சொல்லைக் கற்றுவிடுகிறது.

இந்தப் போக்குவரத்து பழங்கதையும் அன்று. 2020இல் கேரளத்தின் மரச்சீனித் தோட்டங்களில் புதிய மாவுப்பூச்சி ஒன்று தென்பட்டு, விரைவிலேயே தமிழ்நாட்டுக்கும் பரவி, செடிகளின் கொழுந்தைச் சுருளச் செய்தது. தென் அமெரிக்காவைச் சேர்ந்த அப்பூச்சி, முன்னர் ஆப்பிரிக்காவில் புகுந்து கோடிக்கணக்கான ஏழைகளின் உணவை அழித்தபோது, விஞ்ஞானிகள் அதன் தாயகத்தையே தேடிச் சென்று, 1981இல் பராகுவே நாட்டில் அதற்கு இயற்கைப் பகையான ஒரு சிறு குளவியைக் கண்டெடுத்தனர். ஆப்பிரிக்காவைக் காப்பாற்றிய அந்தக் குளவியினம், பெனின் நாட்டிலிருந்து பெங்களூர் ஆராய்ச்சி நிலையத்துக்கு வருவிக்கப்பட்டு, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் வயல்களில் விடப்பட்டது. எள்ளளவேயான ஒரு பிராணி, பராகுவேயில் தொடங்கி ஆப்பிரிக்கா வழியாகச் சேலத்துக்கு வந்து நம் குடியானவனின் துயரைத் தீர்க்க முடிகிறது. அந்தக் குடியானவனின் மகளுக்கும் அவ்வழியில் எதிர்த்திசையிலே ஒருமுறை சென்றுவரக் கொடுத்துவைக்க வேண்டாமா?

பொன்முடியின் உச்சியில் வானம் தெளிந்த நாளில் நின்று நோக்குகிறவர்களுக்கு, தென்கிழக்கே அகத்தியர் கூடம் கண்ணுக்குத் தெரியும். தமிழின் ஆதி முனிவர் பெயரைத் தாங்கிய அம்மலையின் சிகரத்திலே, 1855ஆம் ஆண்டு, திருவிதாங்கூர் அரசின் வானியல் நோக்குக்கூடத்துத் தலைவராயிருந்த ஜான் ஆலன் பிரவுன் என்ற விஞ்ஞானி, பூமியின் காந்தசக்தியை அளப்பதற்கு ஓர் ஆய்வுக்கூடத்தை அமைத்தார். குளிரிலும் மழையிலும் அங்கே அவர் தேடிய மர்மத்துக்கு ஒரு மறுபாதி உண்டு; அது பெரு நாட்டில் இருந்தது. பூமியின் காந்த மத்திய ரேகை திருவனந்தபுரத்தை ஒட்டிச் செல்வதுபோலவே, ஆண்டீஸ் மலைமீதுள்ள ஹுவான்காயோவையும் ஒட்டிச் செல்கிறது. 1922 முதல் அங்கே இயங்கிய நோக்குக்கூடத்தின் அளவுகளைக் கொண்டுதான், அந்த ரேகைக்கு மேலே, பகற்பொழுதில் வானத்தில் ஓடும் மின்னோட்டத்தை உலகம் அறிந்தது. அதே ரேகையின் காரணமாகவே திருவனந்தபுரத்துத் தும்பா என்னும் மீனவர் கிராமம் ராக்கெட் தளமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1963 நவம்பர் 21ஆம் நாள் அங்கிருந்து முதல் ராக்கெட் எழுந்தது. பின்னர் அத்தளம் 1968இல் ஐக்கிய நாடுகள் சபைக்கே அர்ப்பணிக்கப்பட்டது. கண்ணுக்குப் புலனாகாத ஒரு கோட்டின் இரு முனைகளில் நிற்கிற இரண்டு ஊர்கள், ஒன்றையொன்று அறியாமலிருப்பது என்ன நியாயம்? அந்தக் கோட்டைக் கரும்பலகையில் வரைந்து காட்டிய ஒவ்வொரு முறையும் இந்த ஏக்கம் எனக்கு எழுந்ததுண்டு.

மனிதர் போய்த் தங்கினால் என்ன விளையும் என்பதற்கு நம் தேசத்திலேயே ஒரு மகத்தான உதாரணம் உண்டு. 1924ஆம் ஆண்டின் இறுதியில் ரவீந்திரநாத் தாகூர், பெரு நாட்டின் சுதந்திர நூற்றாண்டு விழாவுக்கு அழைக்கப்பட்டுக் கப்பலில் புறப்பட்டார். வழியில் நோயுற்று, ஆர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸ் நகரத்தில் இறங்கினார். மருத்துவர்கள் மேலே போகக் கூடாதென்று தடுத்துவிட்டனர். அவருடைய நூல்களைப் படித்து அவர்பால் பக்தி கொண்டிருந்த விக்தோரியா ஒகாம்போ என்ற எழுத்தாளர், சான் இசித்ரோவில் நதியை நோக்கிய ஓர் இல்லத்தில் அவரை ஏறக்குறைய இரண்டு மாதம் தங்கவைத்துப் போஷித்தார். விழா கைகூடவில்லை, ஆனால் ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் அமைதியாகக் கழிந்த அந்த நாட்களிலிருந்து, விஜயா என்று அவர் அழைத்த அந்த அம்மையாருக்கு அர்ப்பணிக்கப்பட்ட பூரவி என்னும் கவிதைத் தொகுதி பிறந்தது, அவர்களிடையே ஆயுட்காலம் முழுவதும் நீடித்த சிநேகம் பிறந்தது, அங்கே அவர் அமர்ந்திருந்த நாற்காலியும் அவருடனேயே கப்பலேறிச் சாந்திநிகேதனம் வந்து சேர்ந்தது. ராஜாங்க அழைப்பும் மேடையும் மாலையும் தர முடியாததை, ஒரு வீட்டின் உபசாரம் தந்தது. மாணவர் பரிமாற்றத்தின் தத்துவம் முழுவதும் இந்த ஒரு சம்பவத்தில் அடங்கியிருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

சுற்றுலா வேறு, பரிமாற்றம் வேறு. நான் பணியிலிருந்த காலத்தில், வெளிநாட்டு மாணவர் குழு ஒன்று பொன்முடிக்கு வந்து, விடுதியில் தங்கி, தேயிலைச் சரிவில் நின்று படம் எடுத்துக்கொண்டு, தோட்டத் தொழிலாளர் குடியிருப்பாகிய லயத்தின் வாசலில் நின்ற குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்துவிட்டு, மறுநாள் இறங்கிப் போயிற்று. அவர்கள் நல்ல பிள்ளைகள்; அன்போடுதான் கொடுத்தார்கள். ஆனால் வாங்கிக்கொண்ட குழந்தைகள் எதையும் திருப்பிக் கொடுப்பதற்கு இடம் வைக்கப்படவில்லை. அந்தக் குழந்தைகளின் முகத்தில் அன்று கண்ட கூச்சம் இன்றும் என்னை விட்டு நீங்கவில்லை. வந்தவர்கள் அந்த லயத்துக்குள் நுழைந்து, ஒரு வாரம் பாயில் படுத்து, கொழுந்து பறிக்கப் போகிற தாயோடு விடியலில் எழுந்து, கட்டன்சாயா குடித்துவிட்டு அந்தப் பிள்ளைகளோடு பள்ளிக்குப் போயிருந்தால், கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்ற பேதமே எழுந்திராது.

இவ்விதமான பரிமாற்றத்துக்கு உலகில் முன்மாதிரிகள் இல்லாமலில்லை. முதல் உலக யுத்தத்தில் காயமுற்றோரை வண்டியேற்றிக் காத்த தொண்டர்களின் அமைப்பாகிய ஏ.எஃப்.எஸ்., இரண்டாம் யுத்தத்துக்குப் பிறகு, இனி யுத்தமே வராதபடி பிள்ளைகள் ஒருவர் வீட்டில் ஒருவர் வளர வேண்டும் என்று துணிந்து மாணவர் பரிமாற்றத்தை மேற்கொண்டது. ரோட்டரி சங்கத்தினர் 15 முதல் 19 வயது வரையிலான மாணவரை அயல்நாட்டுக் குடும்பங்களில் தங்கவைத்துப் படிக்கச் செய்கின்றனர். ஜப்பானியர் 2014இல் தொடங்கிய சகுரா திட்டத்தின் மூலம் ஆசிய நாடுகளின் மாணவரைத் தங்கள் விஞ்ஞானக் கூடங்களுக்கு அழைக்கின்றனர். தமிழ்நாட்டின் பள்ளிக் கல்வித் துறை, போட்டிகளில் வென்ற அரசுப் பள்ளி மாணவரை 2022இல் துபாய்க்கு அழைத்துச் சென்றது. தொழிலாளர் வீட்டுப் பிள்ளையும் விமானத்தில் ஏறலாம் என்ற நிலை பிறந்தது போற்றத்தக்கது. எனினும் ஓராண்டு முழுவதும் அயல்நாட்டில் தங்கும் திட்டங்களின் செலவு தோட்டத் தொழிலாளியின் கைக்கு எட்டாதது. அரசினர் அழைத்துச் செல்வதோ சில நாள் தரிசனமாக முடிந்துவிடுகிறது. தங்கியிருத்தலும், ஏழைக்கும் எட்டுதலும் ஆகிய இரண்டும் ஒன்றுகூட வேண்டும்.

அதற்கு நான் ஒரு யோசனையைப் பணிவோடு முன்வைக்கிறேன். பொன்முடி அடிவாரத்துப் பள்ளி ஒன்றும், கொலம்பியா நாட்டின் பல்மிரா நகரத்தை அடுத்த பள்ளி ஒன்றும் ஜோடி சேர வேண்டும். பல்மிராவை நான் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு: காலி நகருக்கு அருகே காவ்கா நதிப் பள்ளத்தாக்கிலுள்ள அவ்வூரில், 1967இல் நிறுவப்பட்ட சர்வதேச வெப்பமண்டல வேளாண் ஆராய்ச்சி நிலையம், உலகின் பல பாகங்களிலிருந்து சேர்த்த ஆயிரக்கணக்கான மரச்சீனி ரகங்களைப் பாதுகாத்து வருகிறது. இங்கே ஸ்ரீகாரியமும் அங்கே பல்மிராவும் ஒரே கிழங்கின் இரண்டு கல்விச்சாலைகள். விஞ்ஞானிகளுக்கிடையே ஏற்கெனவே வழி இருக்கிறது. அந்த வழியில் பிள்ளைகளையும் நடக்கவிட வேண்டியதுதான். சேலத்துக்கும் குமரிக்கும் இதே ஏற்பாடு பொருந்தும்.

படிப்பு கெடுமே என்று பெற்றோர் அஞ்ச வேண்டியதில்லை. கால அட்டவணையே இதற்கு அநுகூலமாக அமைந்திருக்கிறது. நமக்கு ஏப்ரலிலும் மே மாதத்திலும் கோடை விடுமுறை. அப்போது கொலம்பியா, பெரு, பிரேஸில் நாடுகளில் பள்ளிகள் மும்முரமாக நடக்கும். அவர்களுக்கு ஆண்டு விடுமுறை டிசம்பரையும் ஜனவரியையும் ஒட்டி வருகிறது. அப்போது இங்கே வகுப்புகள் நடக்கும், மலையும் மழை ஓய்ந்து தெளிந்திருக்கும். ஆகவே நம் பிள்ளைகள் தங்கள் விடுமுறையில் அவர்கள் பள்ளிக்கும், அவர்கள் தங்கள் விடுமுறையில் நம் பள்ளிக்கும் வரலாம். ஒரு நாள் வகுப்பும் ஒருவருக்கும் வீணாகாது. கொலம்பியாவின் கடிகாரம் நம்முடையதற்குப் பத்தரை மணி நேரம் பின்தங்கியது; இங்கே காலை ஏழு மணியென்றால் அங்கே முந்திய நாள் இரவு எட்டரை. பிரயாணத்துக்கு முந்திய ஓராண்டு, வாரம் ஒருமுறை அந்த வேளையில் இரு பள்ளியாரும் தொலைத்திரையில் முகம் பார்த்துப் பேசிப் பழகலாம்.

யாரை அனுப்புவது? மதிப்பெண்ணை மட்டும் கொண்டு தேர்ந்தெடுத்தல் ஆகாது. தன் ஊரை அறிந்த பிள்ளையே அயலூருக்குத் தூது போகத் தக்கது. ஓராண்டு முழுவதும் ஒரு நோட்டுப் புத்தகத்தில், தன் வீட்டைச் சுற்றியுள்ள மரங்களின் பெயர், மரம் சீவும் முறை, கொழுந்தின் தரம், பாட்டி சொன்ன வைத்தியம், கல்லாற்றில் நீர் ஏறி இறங்கும் காலம் ஆகியவற்றைச் சிரத்தையோடு எழுதிவரும் பிள்ளைகளிலிருந்து பத்துப் பேரை எடுக்கலாம். அவர்களில் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளையும், காணிக்காரர் குடியின் பிள்ளையும், மலையாள மாணவரும், ஆணும் பெண்ணும் கலந்திருக்க வேண்டும். அந்த நோட்டுப் புத்தகமே அவர்கள் எடுத்துச் செல்லும் காணிக்கை. போய்வந்த பின் ஒவ்வொருவரும் அக்கம்பக்கத்துப் பத்துப் பள்ளிகளிலாவது தாங்கள் கண்டதைச் சொல்ல வேண்டும் என்பது நிபந்தனையாயிருக்க வேண்டும். அப்பொழுதுதான் பத்துப் பேரின் பிரயாணம் ஆயிரம் பேரின் கல்வியாகும்.

செலவு அதிகம் என்பதை நான் மறுக்கவில்லை. இங்கிருந்து நேர் விமானம் கிடையாது. வளைகுடா வழியாகவோ ஐரோப்பா வழியாகவோ மாறி மாறிப் போனால் ஒரு நாளுக்கு மேலாகும். ஆனால் பரிமாற்றத்தின் சிறப்பே, தங்குவதற்கும் உண்பதற்கும் பணம் வேண்டாம் என்பதில் இருக்கிறது. வீட்டுக்கு வீடு பொறுப்பேற்றால் எஞ்சுவது பிரயாணச் செலவு ஒன்றே. அதனை மாநில அரசும், உள்ளாட்சி மன்றமும், கிழங்காலும் ரப்பராலும் தேயிலையாலும் செழித்த தொழில் ஸ்தாபனங்களும் பகிர்ந்துகொள்ளலாம். நோய்பற்றிய அச்சத்துக்கும் விதிமுறை உண்டு: மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளுக்குச் செல்வோர் பத்து நாள் முன்னதாகவே தடுப்பூசி போட்டுச் சான்றிதழ் பெற்றாக வேண்டும், அச்சான்று இல்லாமல் அங்கிருந்து திரும்பி வருவோரை நம் அரசு தனித்துவைத்துக் கண்காணிக்கிறது. செடியோ விதையோ மண்ணோ எவரும் எடுத்து வரக் கூடாது என்பதையும் கண்டிப்பாகக் கற்பிக்க வேண்டும். ரப்பர் மரத்தை அதன் தாயகத்திலேயே தோட்டமாக வளர்க்க முடியாதபடி செய்துவிட்ட இலைக்கருகல் நோய் இன்னும் நம் கரையை எட்டாததே நம் பாக்கியம். பிள்ளைகள் ஞானத்தைக் கொண்டு வரட்டும். பண்டம் முன்னமே வந்துவிட்டது.

பாஷை தெரியாதே என்பது மற்றோர் ஆட்சேபம். தோட்டத்துப் பிள்ளைகளைப் பற்றி இதைச் சொல்லுகிறவர்கள் அவர்களை அறியாதவர்கள். வீட்டில் தமிழும், பள்ளியில் மலையாளமும், புத்தகத்தில் ஆங்கிலமும் ஹிந்தியும் என்று நான்கு பாஷைகளுக்கிடையே நாள்தோறும் நடமாடுகிற அந்தக் குழந்தைக்கு, ஐந்தாவதாக ஸ்பானிஷ் மொழியில் ஐந்நூறு சொற்களை ஓராண்டில் கற்பது பெரிய காரியமன்று. தலைமுறை தலைமுறையாக, இங்கே பிறந்தும் வந்தவர் என்று எண்ணப்பட்டுவரும் அந்தப் பிள்ளைக்கு, இரண்டு பாஷைகளுக்கு நடுவே வாழ்தல் ஒரு குறை என்றே இதுவரை சொல்லப்பட்டிருக்கிறது. அயல்நாட்டு வீட்டுக்குள் கூச்சமின்றி நுழைவதற்கு அதுவே தகுதி என்பதை இந்தப் பிரயாணம் அவனுக்கு உணர்த்தும். அவன் திரும்பி வரும்போது கொண்டுவரும் செல்வங்களில் அந்தத் தன்மதிப்பையே நான் முதன்மையானதாக எண்ணுகிறேன்.

அவ்வாறே, அங்கிருந்து வருகிற பிள்ளையை எங்கே தங்கவைப்பது என்று நாம் வெட்கப்பட வேண்டியதில்லை. ஒழுகாத கூரையும், சுத்தமான கழிப்பிடமும், நல்ல தண்ணீரும் லயங்களில் இருந்தாக வேண்டும். விருந்தாளி வருகிறான் என்பதற்காக அல்லாமல், அங்கே வாழ்கிறவர்களுக்காகவே அவை என்றோ செய்யப்பட்டிருக்க வேண்டும். அதற்கு மேல் வேண்டியது ஒரு பாயும் ஒரு தட்டும்தான்.

ஜனவரி மாதத்துக் குளிர்ந்த காலை ஒன்றை நான் மனத்தில் கண்டுகொண்டிருக்கிறேன். பொன்முடிச் சரிவில் ஒரு லயத்தின் அடுப்படி; காவ்கா பள்ளத்தாக்கிலிருந்து வந்த ஒரு சிறுமியும் அந்த வீட்டுப் பெண்ணும் அருகருகே குந்தியிருக்கிறார்கள்; பானையில் கிழங்கு வெந்துகொண்டிருக்கிறது. வீட்டுப் பெண் பானையைச் சாய்த்து நீரை வடிக்கிறாள். ஏன் வடிக்கிறாய் என்று வந்தவள் தான் கற்றிருக்கும் நான்கு தமிழ்ச் சொற்களால் கேட்க, பாட்டி அப்படித்தான் சொன்னாள் என்று இவள் விடை சொல்லுகிறாள்; எங்கள் பாட்டி என்ன செய்வாள் தெரியுமா என்று அவள் தொடங்குகிறாள். நானூறு ஆண்டுகளுக்கு முன் கப்பலில் ஏறாமல் நின்றுபோன பேச்சு அது. அது அந்த அடுப்படியில் தொடங்கிவிட்டதென்றால், கிழங்கு வந்து சேர்ந்துவிட்டது என்று அன்றைக்கு நாம் சொல்லலாம்.